பம்பாய் கேட்ட ஆள்

டிரங்க் கால் எனப்பட்ட வெளியூர்த் தொலைபேசி அழைப்புகளில் பி.பி. என்று ஒரு வகை இருந்தது. இன்னார்தான் பேச வேண்டும் என்று பெயர் சொல்லிப் பதிவு செய்யும் அழைப்பு. அந்த ஆள் ரிசீவரை வாங்கிய பிறகே முழுக்கட்டணம். ஆள் இல்லையென்றால் சிறு தொகையோடு போயிற்று. ஆள் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதும் விதிக்குள் அடக்கம். எழுபதுகளின் தூத்துக்குடியில் விதியின் முதல் பாதி எல்லோருக்கும் மனப்பாடம்.

பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருந்தேன். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டையைத் தவறாமல் புதுப்பித்தேன். அந்த அலுவலகம் அதுவரை எனக்குக் கொடுத்த ஒரே வேலை அதுதான். அந்த ஐப்பசியில், கப்பல்களுக்கு ஆள் எடுக்கும் பம்பாய் ஏஜெண்ட் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. கப்பலில் எழுத்தர் வேலை. எண்ணை எழுதி அனுப்பினால் அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை தொலைபேசியில் அழைப்பார். என் ஆங்கிலத்தைக் காதால் கேட்ட பிறகே முடிவு.

எங்கள் தெருவில் தொலைபேசி வைத்திருந்தவர் கருப்பட்டி மண்டி அண்ணாச்சி. அவருடைய எண்ணைக் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"குடு தம்பி. சும்மா கெடக்கிற ஃபோனுதான. நீ கப்பல்ல போனா எனக்கும் பெருமதான்."

அடுத்த வீட்டில் கப்பல் வேலையிலிருந்து திரும்பிய ஒருவர் இருந்தார். அவர் சொன்ன யோசனை சுருக்கமானது. "பம்பாய்க்காரன் காதுல விழணும்னா கத்தணும்லே. மெதுவாப் பேசினா ஒனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னுருவான்."

ஆகவே கடற்கரைக்குப் போய், கடலைப் பார்த்து "குட் மார்னிங், சார்" என்று கத்திப் பழகினேன். என் தகுதிகளையும் கத்தினேன். வலையை உதறிக்கொண்டிருந்தவர் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாருக்குப்பா சொல்லுத? அங்கன ஒருத்தனும் இல்லியே."

வியாழன் காலை தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு மண்டிக்குப் போனேன். தொலைபேசியில் சட்டை தெரியாது என்று தெரியும். தேய்க்காத சட்டையில் எனக்கு ஆங்கிலம் வராது என்பதும் தெரியும். மணி அடித்தபோதெல்லாம் எழுந்தேன். கோவில்பட்டி விலை கேட்டது, விருதுநகர் சரக்கு கேட்டது. மறுபடி கருப்பட்டி மூட்டைமேல் உட்கார்ந்தேன். கணக்கப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்ன தம்பி, மூட்டையில எறும்பு இருக்கா?"

காலை போய் வெயில் ஏறியது. அண்ணாச்சி சாப்பிட வீட்டுக்குப் போனார். பாடம் செய்த வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பின்கட்டுக்குப் போய் மூட்டைகளிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கணக்கப்பிள்ளை மலர்ந்த முகத்தோடு இருந்தார்.

"பம்பாய்லேர்ந்து பி.பி. கால் வந்துச்சு. ஆள் இல்லைன்னுட்டேன். சரக்கு போய்ச் சேந்துட்டு."

அந்த மண்டியின் ஏற்பாடு அது. சரக்கு போய்ச் சேர்ந்ததும், பம்பாய் வரை எந்த வெளியூர் வியாபாரியும் ஏதாவது ஒரு பொய்ப்பெயருக்கு பி.பி. பதிவு செய்வார். இங்கே ஆள் இல்லை என்பார்கள். முழுக்கட்டணம் இல்லாமல், பேசாமலே சேதி வந்துவிடும்.

"எம்பேரச் சொல்லிக் கேக்கலியா?"

"என்னமோ நீளப் பேரு, ரெண்டு இனிஷியலோட. பொய்ப்பேருதான அப்பிடி இருக்கும்." பேனாவைக் கீழே வைத்தார். "ஆமா, ஒம்பேரு என்ன தம்பி?"

நியாயமான கேள்வி. அந்தத் தெருவில் நான் வாத்தியார் மகன். சான்றிதழில் இருந்த பெயரை யாரும் கூப்பிட்டதில்லை.

அண்ணாச்சி வந்து தலையில் கை வைத்தார். "என்னவே, கடைக்குள்ள இருந்தவன இல்லைன்னுட்டீரே."

"பி.பி. வந்தா இல்லைன்னு சொல்லணும்னு சொன்னது நீங்கதான மொதலாளி?"

தொலைபேசி நிலையத்துக்கு ஓடினேன். அழைப்பு முடிந்துவிட்டது, மறுபடி பதிய வேண்டியவர் அழைத்தவரே என்றார்கள். விதிப்படி சரி. தபால் நிலையத்துக்குப் போய், நான் இருக்கிறேன் என்று ஏஜெண்டுக்குத் தந்தி கொடுத்தேன். பிறகு தினமும் மண்டியைச் சுற்றினேன். மணி அடித்தால் கணக்கப்பிள்ளையே "இருக்கான், இருக்கான்" என்று கத்திக்கொண்டு எடுத்தார். கோவில்பட்டிக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

மார்கழி கழிந்து, யாரும் எதிர்பாராத விதமாக, வேலைவாய்ப்பு அலுவலகம் என்னைத் துறைமுக அலுவலகத்துக்கு அனுப்பியது. எழுத்தர் வேலைதான், கப்பல்களை ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். எனக்குக் கொடுத்த நாற்காலி தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தது. யாருக்கு அழைப்பு வந்தாலும் எழுந்து போய் விசாரித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் பம்பாயின் பதில் வந்தது. தந்தி கிடைத்ததாம்; நாங்கள் கேட்ட ஆள் இப்போதும் இருக்கிறாரா, இருந்தால் எந்த எண்ணில் என்று எழுதியிருந்தார்கள். அந்த ஆள் இருக்கிறாரா என்று விசாரிக்க, கடிதத்தோடு அலுவலக ஜன்னல் பக்கம் போய் நின்றேன். ஐப்பசித் தந்திக்குப் பதில் வந்த அன்று பங்குனி முதல் தேதி.