இரண்டாம் முறையும் அதே எண்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். போன வருடம் ஒரு காலையில் என் நைனா அங்கே ரத்தம் கொடுக்க வந்தார். மாரடைப்பு வந்து, செங்கல்பட்டில் ஸ்டென்ட் வைத்து, வீடு திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. மறுபடி காட்ட வரும்போது பி.என்.பி. டெஸ்ட் எடுத்து வரச் சொல்லியிருந்தார் டாக்டர். இதயம் திணற ஆரம்பித்தால் ரத்தத்தில் ஏறுகிற ஒரு பொருள் அது. சில சமயம் மூச்சு வாங்குவதற்கு முன்பே அது காட்டிக் கொடுத்துவிடும்.

ரத்தத்தை நானேதான் எடுத்தேன். கால் மணி நேரத்தில் மெஷின் எண்ணைக் காட்டியது. டிஸ்சார்ஜ் அன்று இருந்ததைப் போல மூன்று மடங்கு. நான் ஏதோ தப்பு செய்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் மனம் விரும்பியது. மீதி ரத்தத்தை வைத்து மறுபடி ஓட்டினேன். அது முடியும்வரை கண்ணாடிக் கதவு வழியே அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவரிடம் வேர்க்கடலைக்கு மருந்து அடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பார்த்தால் நோயாளி என்றே யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டாம் முறையும் அதே எண் வந்தது.

டாக்டருக்குப் போன் செய்தேன். கால் வீங்கியிருக்கிறதா, மல்லாந்து படுக்க முடிகிறதா என்று கேட்டார். இரண்டு நாளாகச் சுவரில் சாய்ந்துதான் தூங்குகிறார், கேட்டால் வெக்கை என்கிறார் என்று அம்மா சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே வந்து, அவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"இன்னாம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல. கயனில வேல கீது," என்றார்.

"கயனிய அப்பறம் பாத்துக்கலாம் நைனா. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். அவர் மறுத்துப் பேசாததுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. வாடகைக் காரில் வழியெல்லாம் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருந்தது. ஐந்து நாள் வைத்திருந்து, மருந்து கொடுத்து நீரை இறக்கினார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் மூச்சுத் திணறலோடுதான் வந்திருப்பார் என்றார் டாக்டர்.

நைனா இப்போது நடமாடுகிறார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று அம்மாவைத் திட்டுகிறார். டெஸ்டுக்கு எங்கள் கூடத்துக்குத்தான் வருகிறார். ஆனால் அவர் ரத்தத்தை நான் எடுப்பதில்லை; கூட வேலை செய்யும் பெண் எடுக்கிறாள். ரிப்போர்ட்டோடு அவள் கதவைத் திறக்கும்போது, அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.