ஷீபா அக்கா வீட்டில் ஞாயிறு நாற்று இலவசம்

கோடை மழைக்கு முந்தி மண்ணைக் கொத்தி, சாணமும் சாம்பலும் போட்டு, கத்தரி, மிளகாய், வாடாமல்லி எல்லாம் நாற்று விட்டவள் நான். உள்ளங்கையில் கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

இன்று காலை எங்கள் ஊர் கொட்டாரம் தோட்ட வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தால், அங்கே என் பாத்தியின் படம். போட்டது பக்கத்து வீட்டு ஷீபா அக்கா.

"எல்லாம் எனக்க கையால வச்சதாக்கும்."

என்னுடைய உடைந்த நீல வாளிகூடப் படத்தில் இருக்கிறது! கீழே ஒரே பாராட்டு.

நான் சண்டைக்குப் போகவில்லை. அதே குரூப்பில் எழுதினேன்: "சூப்பர் அக்கா! ஞாயித்துக்கிழம வாற எல்லாருக்கும் நாத்து சும்மா தருவேன்னு சொன்னியளே, அதையும் போடுங்க."

தூரத்துப் பூதப்பாண்டியிலிருந்துகூட வருகிறார்களாம்.

மத்தியானம் மதிலுக்கு மேலே அக்காவின் தலை தெரிந்தது.

"மக்கா, கொஞ்சம் நாத்து தருவியா? ஆளுவ வருவாவளே, நான் என்ன செய்ய?"

"எனக்கிட்ட ஏதுக்கா நாத்து? தோட்டம் உங்களுக்கதுல்லா!"

தலை இறங்கிவிட்டது. நான் வாடாமல்லிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்.

ஞாயிறு யாரெல்லாம் வருகிறீர்கள்? காலில் சேறு படுமோ என்று பயப்படாதீர்கள். அக்கா வீட்டைச் சுற்றி முழுக்க சிமென்ட் தளம்தான்.