சாய்ந்த காரும் ஆதிநாராயணன் கடைப் போணியும்

தொண்டூர் பச்சைமுத்து பன்னிரண்டு வருஷம் லாரியில் கிளீனராகவும் டிரைவராகவும் ஊர் ஊராகப் புழுதி தின்றவன். அறுபத்து நாலாம் வருஷம் செஞ்சி கடைத்தெருவில் ஆதிநாராயணனிடம் ஒரு பழைய ஆஸ்டின் காரை வாங்கினான். அதுவும் ஆடி மாதத்தில். ஆடியில் எவனாவது கார் வாங்குவானா என்று ஊர் சிரித்தது. டாக்சி ஓட்டிப் பிழைக்கலாம் என்பது அவன் வெளியில் சொன்ன காரணம். உண்மையான காரணம் தங்கை சின்னப்பொண்ணு. ஆவணியில் அவளுக்கு அவலூர்பேட்டையில் கல்யாணம். கூலிக்கு நாற்று நட்டுப் பிழைத்த அவர்கள் தெருவில், எந்தப் பெண்ணும் அதுவரை காரில் ஏறிக் கல்யாணத்துக்குப் போனதில்லை.

ஆதிநாராயணன் பழைய கார்களும் உதிரிச் சாமான்களும் விற்கிறவர். பின்னால் ஸ்பிரிங் பட்டை இரண்டும் புதுசு என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லித்தான் விற்றார். பின் சீட்டில் ஆள் ஏறியதும் காரின் குணம் தெரிந்தது. வலது பக்கம் விறைத்து நிற்க, இடது பக்கம் அமுங்கியது. ஏறினவர்கள் எல்லோரும் சரிந்து இடது கதவோரம் குவிந்தார்கள். பத்து வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிகள் இருவர் சந்தைக்குப் போகிற வழியில் ஒருவர் மடியில் ஒருவர் விழுந்து, இறங்கும்போது பேசிக்கொண்டே போனார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் ராஜாங்கம் காருக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு, வலது பக்கம் மாட்டியிருப்பது ஜீப்புப் பட்டை என்றான்.

பச்சைமுத்து கடைக்குப் போனான். ஆதிநாராயணன் முதலில் ரோடுதான் சாய்வு என்றார். பிறகு ஓட ஓடப் படியும் என்றார். ஜீப்புப் பட்டை விஷயத்தை எடுத்ததும், அது இன்னும் உறுதியாச்சே, உனக்கு லாபம்தானே என்று சிரித்தார். கடைசியில், மாட்டின சாமானைத் திருப்பி எடுக்கிற வழக்கம் தன் கடையில் கிடையாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பச்சைமுத்துவுக்குக் கத்தித் தீர்க்க வேண்டும் போலிருந்தது. ஆனால் கடைத்தெருவில் அவன் கத்தினால் கூடுகிற கூட்டம் யார் பக்கம் பேசும் என்று அவனுக்குத் தெரியும். காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினான்.

வீட்டில் சின்னப்பொண்ணு ஒரு தடவை காரில் ஏறிப் பார்த்தாள். கதவோரம் போய் இடித்துக்கொண்டு இறங்கினாள்.

“ஊரே பாக்கற அன்னிக்கு சாஞ்சிக்கினு போவ மாட்டேண்ணா. நேரா குந்திக்கினு போவணும். இல்லாங்காட்டி நடந்தே வரேன்,” என்றாள்.

 அன்று ராத்திரி பச்சைமுத்துவின் யோசனை சுற்றிச் சுற்றிக் கடைசியில் போணியில், காலையின் முதல் வியாபாரத்தில், வந்து நின்றது. ஆதிநாராயணனுக்குப் போணி என்றால் உயிர். காலையில் முதலில் கடையேறுகிறவரிடம் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார். வெறுங்கையோடு அனுப்பவும் மாட்டார். அனுப்பினால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர் நம்பிக்கை.

மறுநாள் அவர் பலகைக் கதவை எடுக்கும்போதே பச்சைமுத்து வாசலில் நின்றான். பட்டையை மாற்றிக் கொடுங்கள் என்று பணிவாகக் கேட்டான். ‘இல்லை’ என்பது ஆதிநாராயணனின் தொண்டை வரை வந்து நின்றது. ஒரு கிரீஸ் டப்பாவை நீட்டினார். இருக்குது மொதலாளி என்றான் பச்சைமுத்து. நட்டு, பல்பு என்று ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தார். எல்லாமே இருக்குது என்றான். கும்பிடு போட்டுவிட்டு வெறுங்கையோடு படியிறங்கினான்.

அன்றைக்கு ஒரு தும்மல் வந்தால்கூட அதற்குப் பச்சைமுத்துதான் காரணம் என்று ஆகிவிட்டது அவருக்கு. இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் கடையைச் சீக்கிரமே திறந்தார். பச்சைமுத்து வாயில் வேப்பங்குச்சியோடு நின்றான். நாலாம் நாள் முதல் ஆளாக வந்து எதையாவது வாங்கு என்று மனைவி ஞானம்பாளையே வரச் சொன்னார்.

ஞானம்பாள் வாசலில் நின்றவனிடம் விவரம் கேட்டாள். வாசலில் நின்ற காரில் ஏறி உட்கார்ந்தும் பார்த்தாள். சரிந்த கொண்டையைச் சரிசெய்தபடி இறங்கி வந்தாள்.

“மாத்திக் குடுத்துட்டு அப்பறம் போணி பண்ணுங்க,” என்று புருஷனிடம் சொன்னாள். ஒரு திருகாணிகூட வாங்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

அன்றைக்கே விழுப்புரத்துக்கு ஆள் போயிற்று. இரண்டு நாளில் சரியான பட்டை வந்தது, ராஜாங்கம் மாட்டினான். ஆதிநாராயணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இனிமேல் காலை வேளையில் பச்சைமுத்து கடைப்படி ஏறக் கூடாது. அவனும் ஒப்புக்கொண்டான்.

கல்யாணத்துக்குப் பெண் புறப்பட்ட காலையில், செஞ்சி கடைத்தெரு வழியாகத்தான் போக வேண்டும் என்று சின்னப்பொண்ணு பிடிவாதம் பிடித்தாள். ஆதிநாராயணன் அப்போதுதான் கதவுப் பலகையை எடுத்துக்கொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று. சொன்ன சொல் தவறாமல் பச்சைமுத்து இறங்கவே இல்லை. பின் சீட்டுக் கதவின் கண்ணாடி இறங்கியது.

“கார் தொடைக்க ஒரு மஞ்சத் துணி குடுங்க மொதலாளி,” என்றாள் சின்னப்பொண்ணு.

துணியை எடுத்துக்கொண்டு வந்தவர் குனிந்து உள்ளே பார்த்தார். பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவரும் சாயவில்லை. நடுவில் கல்யாணப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் பூசிய கையால் காசை நீட்டினாள். ஆதிநாராயணன் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பச்சைமுத்து அதை எதிரே தொங்கிய கண்ணாடியில் பார்த்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது, காரை எடுத்தபோது ரோடு சரியாகத் தெரியவில்லை.

“இந்தாண்ணா, தொடச்சிக்க,” என்று பின்னாலிருந்து மஞ்சள் துணி வந்தது.