உப்பில் செய்த மலை

உப்புக் குவியலின் உச்சியில் மச்சான் பாலில்லாத பிளேன்டீயை ஊற்றினார். அது எந்தப் பக்கமாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். சாயம் வெள்ளை உப்பில் தயங்கித் தயங்கிக் கீழே வந்தது, ஓரிடத்தில் வளைந்தது, அடியில் சின்னக் குட்டையாகத் தேங்கி நின்றது. "ஆறு இதாலதான் வரும். ஆறு வாற இடத்துக்கு மரை வரும், மரை வாற இடத்துக்கு நாம போறம்" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் வேறு என்ன செய்வது? மரை வேட்டைக்குப் போகவிருந்த தேயிலை மலையைப் போனில் தேடிப் பார்த்தால் ஒரே பச்சையாக இருந்தது. ஏற்றம் எது, இறக்கம் எது என்று ஒன்றும் பிடிபடவில்லை. புத்தளத்து உப்பளத்தில் வேலை செய்கிறவனின் கண்ணுக்கு மலை என்று தெரிவதெல்லாம் தென்னோலைக் கிடுகு போட்டு மூடிய உப்புக் குவியல்தான். அதையே கையால் செதுக்கி மலையாக்கி, நெருப்புக் குச்சிகளை மரையாகவும் எங்களாகவும் நட்டுத் திட்டம் போட்டோம்.

மச்சான் என் ராத்தாவின் புருஷன், அக்கா வீட்டுக்காரர். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு ஒரு உடுப்புப் பையோடு வந்து, தில்லையடியில் குடியேறி, ராத்தாவைக் கல்யாணம் முடித்தவர். உப்பு லொறி ஓட்டினார். மன்னார்க் காட்டில் இளந்தாரியாக மரை சுட்ட கதையை அவர் சொல்லாத விருந்து கிடையாது. மரை என்றால் மான் சாதியில் பெரியது, மாட்டளவு உயரம் நிற்கும். ஒவ்வொரு தடவையும் அதன் கொம்பு ஒரு சாண் வளர்ந்துகொண்டே போனது. ஒரு பெருநாள் மத்தியானம் சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட இருக்கும்போது என் வாப்பா, "மருமகன் சுட்ட மரையெல்லாம் வாயால சுட்டதுதானே" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். ஆனால் அதன் பிறகு அவர் கை சோற்றுக்குப் போகவில்லை. வீடு, காணி, தோணி எல்லாம் போன மனிதருக்கு மிஞ்சியிருந்தது அந்தக் கதை ஒன்றுதான். அதிலும் கைவைத்தால் எப்படி? ஒரு மரையைச் சுட்டுக் கொண்டுவந்து காட்டுவதென்று என்னையும் கூட்டிக்கொண்டார்.

மரை சுடுவது சட்டப்படி குற்றம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்தும் போனோம். கனமூலையில் ஒரு தோட்டக்காரர் பன்றி விரட்ட வைத்திருந்த இடியன் துவக்கை மச்சான் இரவல் வாங்கினார். குழலுக்குள் வெடிமருந்தை இடித்து ஏற்றும் பழைய துவக்கு அது. ஒரு வெடி வைத்தால் அடுத்த வெடிக்கு நேரம் எடுக்கும். அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். சுடுவது அவர். கத்தியோடு ஓடுவது நான். உயிர் பிரியும் முன் பிஸ்மி சொல்லி அறுத்தால்தான் அந்த இறைச்சி எங்கள் வீட்டுச் சட்டியில் ஏறும். அவர் மறுபடி மருந்தேற்றிக்கொண்டு இரத்தத் துளியைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் வருவார். "ரத்தம் முடியிற இடத்தில என்ன நிண்டாலும் ரெண்டாவது வெடி" என்று உப்பின் மேல் ஒரு குச்சியைச் சாய்த்துக் காட்டினார். அப்போது அது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

லொறியில் உப்பு மூட்டைகளுக்கு அடியில் துவக்கு பயணம் செய்தது. மலையடியில் ஒரு கடையில் மூட்டைகளை இறக்கிவிட்டு, இறைச்சிக்குப் போட ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். மேலே காட்டைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னதும் கடைக்காரர் எங்கள் பாட்டாச் செருப்புகளைப் பார்த்தார். "கையில கொஞ்சம் உப்பு எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டார். மச்சானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணே, நாங்க உப்புக்குள்ள பொறந்த ஆக்கள்" என்றார். அவர் சமையலுக்குக் கேட்கிறார் என்றே நாங்கள் நினைத்தோம். உப்பு மூட்டை லொறியிலேயே இருந்தது.

தேயிலையைத் தாண்டிக் காட்டுக்குள் ஏறியபோது கிழக்கு வெளுத்திருந்தது. எங்கள் ஊரில் நின்ற இடத்திலிருந்தே களப்பின் மறுகரை தெரியும். இங்கே பத்தடிக்கு அப்பால் உலகம் இல்லை. மூடுபனி மரங்களுக்கிடையில் வந்து நின்றது, போனது, மறுபடி வந்தது. எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. உப்பில் பார்த்த ஆறு இங்கே மூன்று பக்கத்திலும் கேட்டது, ஒரு பக்கத்திலும் தெரியவில்லை. எனக்கு அப்போதே திரும்பிவிட வேண்டும் போலிருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது.

பிறகு எங்கள் முன்னால் மரை நின்றது. எப்போது வந்தது என்று தெரியாது. பனி விலகிய இடத்தில் கழுத்து மயிரோடும் கொம்போடும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. மச்சான் சுட்டார். புகையும் பனியும் ஒன்றாகிக் கண்ணை மறைத்தன. கிளைகள் முறியும் சத்தம் கேட்டது. "ஓடு!" என்றார். நான் கத்தியோடு ஓடினேன்.

கொஞ்சத் தூரத்திலேயே ஒரு இலையில் இரத்தம் கண்டேன். பிறகு ஒரு கல்லில். சந்தோஷமாக இருந்தது. போகப் போகத் துளிகள் கூடின, ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு போயின, ஒரு சரிவில் இறங்கி மறுபடி ஏறின. எவ்வளவு ஓடியும் மரையின் மூச்சுச் சத்தம் கூடக் கேட்கவில்லை. பனிக்குள் நான் மட்டும் இரைத்துக்கொண்டிருந்தேன். ஈரமண்ணில் குளம்புத் தடம் தேடிக் குனிந்தேன். இரத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பாட்டாச் செருப்பின் தடம் இருந்தது. என் செருப்பின் தடம்.

சாரத்தைத் தூக்கிப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் சிவப்பு. கறுத்த அட்டைகள் கொத்தாகத் தொங்கின. கழன்று விழுந்தவை கடித்த இடமெல்லாம் நிற்காமல் ஒழுகியது. வலி என்று ஒன்றுமே இல்லை. அட்டையை நான் அதற்கு முன் கண்டதில்லை. நாங்கள் ஏறி வந்த வழியிலும், நான் ஓடிய வழியிலும் சிந்திய என் இரத்தத்தை நானே வளைய வளையத் துரத்தியிருக்கிறேன். மரையின் மேல் வெடி படவே இல்லை.

அப்போதுதான் திட்டத்தின் மீதிப் பாதி ஞாபகம் வந்தது. மச்சான் மருந்தேற்றிக்கொண்டு இந்த இரத்தத்தின் பின்னால்தான் வந்துகொண்டிருப்பார். இரத்தம் முடியிற இடத்தில் நிற்பது நான்.

"மச்சான், நான்தான்!" என்று கத்தினேன். மலை அதைத் திருப்பிச் சொன்னது. "மச்சான், நான்தான்." பிறகு அமைதி. அந்த அமைதிக்குள், மிகக் கிட்டத்தில், துவக்கின் குதிரை விழும் சத்தம் கேட்டது. டிக். வெடிக்கவில்லை. மருந்து பனியில் நனைந்திருந்தது.

ஒரு பாறைக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். பனி கலைந்ததும் எழுந்து வந்தேன். மச்சான் துவக்கைக் கீழே சாய்த்தபடி நின்றார். முகத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கால்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "வா, போவம்" என்றார். மலையடியில் கடைக்காரர் எங்கள் மூட்டையிலேயே உப்பள்ளிக் கால்களில் தேய்த்தார். அட்டைகள் சுருண்டு விழுந்தன. "அதுக்குத்தாங்க கேட்டேன்" என்றார்.

அதன் பிறகு எந்த விருந்திலும் மச்சான் மரைக் கதை சொல்லவில்லை. வாப்பா சீண்டினால் எழுந்து கை கழுவப் போய்விடுவார். என் ராத்தாவின் புருஷன், நான்தான் என்று கத்திய பிறகும் என்னைச் சுடப் பார்த்தாரா? இந்தக் கேள்வியை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் வருஷக்கணக்காக அவர் வீட்டில் சோறு தின்றேன். குதிரை விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது என்பது அவருக்குத் தெரியாது. அவரும் நல்லவராகத்தான் இருந்தார். என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்னை முந்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். ஆனால் வாசலில் நின்று நான் கூப்பிட்டால் உடனே பதில் சொல்ல மாட்டார். முதலில் என் கால்களைப் பார்ப்பார். பிறகுதான், "வா மச்சான், இரி" என்பார்.

அவர் மௌத்தாவதற்குச் சில நாள் முன்பு பார்க்கப் போனேன். எழும்ப முடியாமல் கட்டிலில் கிடந்தார். அப்போதும் தலையைத் திருப்பிக் காலைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ராத்தா குசினிக்குள் போனதும் கேட்டுவிட்டேன். "மச்சான், அண்டைக்கு என்னத்துக்கு என்னச் சுட்டீங்க?"

அவர் மறுக்கவில்லை. "உன்னையில்ல. அது நிண்டிச்சு. கொம்பு, கழுத்து மயிர், எல்லாத்தோடயும். என்னப் பாத்து 'மச்சான், நான்தான்' எண்டு உன்ட குரல்ல சொல்லிச்சு. அதுக்குப் பிறகுதான் விசைய இழுத்தன்."

எனக்கு நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கியது. அவர் என்னைக் கொல்ல நினைக்கவில்லை. அழுகை வந்தது. பனிக்குள் எதிரொலி வேறு பக்கமிருந்து வந்திருக்கும், அந்தப் பக்கம் பார்த்து இழுத்திருப்பார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"மூட்டம் கலையேக்க அது இல்ல. கல்லுக்குப் பின்னால இருந்து நீ வந்தாய். வந்தது நீதான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? ஜின் எண்டா கால்ல குளம்பு இருக்கும் எண்டு உம்மா சொல்லுவா. அதான் பாத்தன். ஒவ்வொரு நாளும் பாத்துத்தான் நம்பினன்."

பிறகு, "காலத் தா" என்றார். கட்டிலில் ஏறி உட்கார்ந்து காலை நீட்டினேன். சூடே இல்லாத கையால் குதியைப் பிடித்தார், பாதத்தைத் தடவினார், விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். "ஓம், நீதான்" என்றார். அப்படிச் சொன்னவரின் கண் என் முகத்துக்கு வரவேயில்லை.

இப்போது அதே உப்பளத்தில் மேற்பார்வை செய்கிறேன். மழை முந்திவிட்டால், கிடுகு போடாத குவியலில் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக அறுத்துக்கொண்டு இறங்கி, அன்று பிளேன்டீ இறங்கிய மலை போலவே ஆகிவிடும். அந்தி நேரம் ஆட்கள் போன பிறகு அதைக் காலால் தட்டிச் சமன் செய்வேன். சில நாள் பின்னாலிருந்து என்னை யாரோ கூப்பிடுவது போலிருக்கும். காற்றில் கிடுகு அசைகிற சத்தம் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் திரும்பிப் பார்க்கும் முன், வெறுங்காலோடு நான் நடந்து வந்த சேற்றைக் குனிந்து பார்த்துக்கொள்கிறேன். இதுவரைக்கும் ஐந்து விரலும் பதிந்துதான் இருக்கின்றன.