சேகர் சட்டையைக் கழற்றிவிட்டான்!

இன்று மலேசியாவில் எங்கள் புக்கிட் பெலண்டோக் தோட்டத்துக் கோயிலில் திருவிழா. இங்கே சாமியைத் தோளில் தூக்குபவர்கள் சட்டை போடக்கூடாது.

முதுகு முழுக்கப் பரு என்று வெட்கப்பட்டு, என் தம்பி சேகர் மூன்று வருடமாகச் சாமி தூக்க வரவே இல்லை.

இன்று வந்தான். சட்டையைக் கழற்றினான். தழும்பு மட்டும்தான் இருக்கிறது, பருவைக் காணோம்!

"டேய் சேகரு! எப்படிடா?"

"கத்தாதக்கா, எல்லாரும் பாக்குறாங்க லா. கிளினிக்ல குடுத்த கிரீம், நாலு மாசமா போடுறேன். துணியில பட்டா சாயம் போயிடும்னாங்க."

அடப்பாவி! என் சிவப்புத் துண்டெல்லாம் திட்டுத்திட்டாய் வெளுத்ததற்கு நான் வாஷிங் மெஷினை அல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்!

முன்வரிசையில் தோள் கொடுத்துக்கொண்டு போனான் தம்பி. எனக்குத்தான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது.

உங்கள் வீட்டுத் துண்டும் வெளுத்திருக்கிறதா? சொல்லுங்கள், யார் முதுகென்று கண்டுபிடிப்போம்.