பீப் அடித்தால் ஸ்டேச்சு

சிரிக்கக் கூடாத இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு வரும். மும்பை செம்பூரில் எங்கள் பில்டிங்கில் யார் வீட்டுக்காவது துக்கம் விசாரிக்கப் போனால் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போவாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் சிரித்து ஒரு நல்ல வரனை ஓட்டிவிட்டேன் என்று திலக் நகர் அத்தை இன்றைக்கும் குறைபட்டுக்கொள்வாள். நான் என்ன செய்ய, அந்த மாப்பிள்ளை ஆறிப்போன காபியை ஊதி ஊதிக் குடித்தார். அவருக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி இரண்டு பேருமே சௌக்கியமாக இருக்கிறார்கள்.

இப்பேர்ப்பட்ட என்னைத்தான் வகுப்பறையில் சுவர் மாதிரி உட்கார்ந்திருக்கும் வேலைக்கு எடுத்தார்கள். பள்ளிக்கூடங்களில் நிஜமாகவே என்ன நடக்கிறது, டீச்சர் எவ்வளவு நேரம் பேசுகிறார், பிள்ளைகள் எவ்வளவு நேரம் தாங்களாக எதையாவது செய்து பார்க்கிறார்கள் என்று கண்டறியும் ஆராய்ச்சி அது. கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். மடியில் உள்ள போன் சில நிமிஷங்களுக்கு ஒருமுறை 'பீப்' என்று அடிக்கும். உடனே தலையைத் தூக்கி அந்த நொடியில் வகுப்பு என்ன செய்கிறதோ அதைக் குறிக்க வேண்டும். கேள்வி கேட்கிறார்களா, கூடிக் கணக்குப் போடுகிறார்களா, சும்மா உட்கார்ந்திருக்கிறார்களா. இதில் 'சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்' என்பதுதான் இருப்பதிலேயே மட்டம். வேலையில் சேர்ந்த அன்றே என் மேலதிகாரி, மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த வயதில் மூத்த பெண்மணி, எச்சரித்துவிட்டார்.

"நீ அங்க ஒரு சுவர். சுவர் பேசாது, தலையாட்டாது, முக்கியமா சிரிக்காது. புரிஞ்சுதா?"

அதற்கே எனக்குச் சிரிப்பு வந்தது.

எனக்குக் கிடைத்தது தாராவியில் ஒரு தமிழ் மீடியம் மாநகராட்சிப் பள்ளி, ஐந்தாம் வகுப்புக் கணக்கு. அந்தக் கணக்கு டீச்சருக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் வயது கூட. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம், தோல் பை தைக்கும் பட்டறைக்கு மேலே வீடு. ஒரு அறக்கட்டளை சம்பளம் கொடுக்கிற ஒப்பந்த டீச்சர் அவர். இப்படிப்பட்டவர்களில் யாருடைய வகுப்பில் பிள்ளைகள் தாங்களாக ஈடுபட்டுப் படிக்கிறார்களோ அவர்களை மட்டும் அடுத்த வருஷமும் வைத்துக்கொள்வது என்று அறக்கட்டளை முடிவு செய்திருந்தது. அதை எங்கள் அறிக்கையைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். விஷயம் ரகசியம் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். தாராவியில் ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் கஷாயம் வைத்துவிடுவார்கள், ரகசியமாவது ஒன்றாவது.

முதல் நாள் பாடம் பின்னம். டீச்சர் பெஞ்சுகளை ஓரங்கட்டி வகுப்பையே ஹார்பர் லைன் லோக்கல் டிரெயின் ஆக்கியிருந்தார். பிள்ளைகள்தான் பயணிகள். சுவரோரமாக நெருக்கியடித்து நின்று, மேலே இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள்.

"ஏ, வண்டி திலக் நகர் வந்துட்டு! பாதிப் பேரு இறங்குங்க!"

பாதி என்றால் எத்தனை பேர் என்று ஒரே கூச்சல். எண்ணுகிறார்கள், தப்பாக எண்ணிவிட்டாய் என்று தலையில் குட்டுகிறார்கள், ஒருவரை ஒருவர் பிடித்துத் தள்ளுகிறார்கள்.

"குர்லா வந்துட்டு! மூணுல ஒரு பங்கு இறங்கு! பங்கு போக மிஞ்சுனவங்க கதவுல தொங்கு!"

வகுத்தால் மீதி வருகிறவர் வாசல் நிலையைப் பிடித்து ஒற்றைக்காலில் தொங்க வேண்டும். அதுதான் எல்லோருக்கும் பிடித்த இடம். நான் தொங்குகிறேன், நீ போன தடவை தொங்கினாய் என்று சண்டை. என் படிப்புக் காலம் முழுவதும் பின்னம் என்றால் எனக்கு ஆகவே ஆகாது. அன்றைக்கு எழுந்து போய் நானும் ஏறிக்கொள்ளலாமா என்று இருந்தது.

அப்போது என் போன் 'பீப்' என்றது.

தலையைத் தூக்கினேன். வண்டியைக் காணோம், கூச்சலையும் காணோம். அத்தனை பேரும் அவரவர் நின்ற இடத்திலேயே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வாயில் விரலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். நடுவில் டீச்சர் மட்டும் கை ஓங்கியபடி திகைத்து நின்றார். வேறு வழியில்லாமல் 'சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்' என்று குறித்தேன். குனிந்ததும் மறுபடி குர்லா ஸ்டேஷன். அடுத்த பீப், மறுபடி வாயில் விரல். அந்த வாரம் நான் போன நாளெல்லாம் இதே கதைதான்.

டீச்சர் வாடிப்போனார். ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"மேடம், கோவிச்சுக்கிடாதீங்க. ஒங்களப் பாத்தா இந்தப் பிள்ளைகளுக்கு என்ன பயமோ தெரியல. நீங்க வராத அன்னைக்குக் கூரை பிஞ்சு போவும். நீங்க வந்தா, தலையத் தூக்கிப் பாக்கும்போதெல்லாம் அடங்கி ஒடுங்கிருதுக. நான் நடத்துறதுல எதுவும் தப்பு இருக்கா மேடம்?"

சுவர் பதில் சொல்லக் கூடாது. ஒன்றுமில்லை என்று கையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். மனசு கேட்கவே இல்லை.

மர்மத்தை உடைத்தது வகுப்பு மானிட்டர். இரட்டை ஜடை, ரிப்பன், சட்டையில் 'மானிட்டர்' பேட்ஜ், நடையில் ரயில்வே டிக்கெட் பரிசோதகர் தோரணை. இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யாரும் கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஆன்ட்டி, எங்க கிளாஸ் எப்டி? பக்கா சைலன்ட் இல்ல? நான்தான் செட் பண்ணேன். பீப் அடிச்சாத்தான் எழுதுவீங்கன்னு பக்கத்து ஸ்கூல் பிரெண்டு மொதல்லயே சொல்லிருச்சு. ஒங்க போன் பீப் அடிச்சா ஸ்டேச்சு. அசைஞ்சா ஆவுட். ஆவுட் ஆனா மறுநாள் டிரெயின்ல ஏறக் கூடாது."

"எதுக்கு?"

"டீச்சரை அனுப்பிருவாங்களாம். ஒங்க கைலதான் இருக்குதுன்னு மம்மி சொல்லுச்சு. ஆபீசர் யாரு வந்தாலும் சைலன்ட்டா இருந்தாத்தான வெரி குட் சொல்வாங்க? டென்ஷன் மத் லோ ஆன்ட்டி, கவலப்படாதீங்க, நாங்க பாத்துக்குறோம்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. பள்ளிக்கூடம் பார்க்க வருகிற பெரிய மனிதர்கள் எல்லோரும் ஊசி விழுந்தால் சத்தம் கேட்கிற வகுப்பைத்தான் மெச்சிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவளைப் பெற்றவர்களும் பிள்ளை சத்தம் போடாமல் படிக்கிறதா என்றுதான் டீச்சரிடம் கேட்பார்கள். சத்தம் போட்டால்தான் மதிப்பெண் என்று ஒரு ஆராய்ச்சி ஊரில் இருக்கும் என்று அந்தக் குழந்தை எப்படிக் கண்டாள்? கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். சிரித்து முடித்ததும்தான் விஷயம் உறைத்தது. டீச்சர் மேல் உயிரையே வைத்திருக்கிற பிள்ளைகள், அவரைக் காப்பாற்றுகிறோம் என்று ஒவ்வொரு பீப்புக்கும் அவர் வேலைக்கு உலை வைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்து அதைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

போனைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்த்தேன். அது பெஞ்சில் 'டர்ர்' என்று அதிர, அதே பெஞ்சில் சாய்ந்திருந்தவள் கை காட்ட, எல்லோரும் ஸ்டேச்சு. துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்தேன். அதற்கு மானிட்டர் என் கண்ணைக் கவனிக்க ஒருத்தியை நியமித்துவிட்டாள். நான் இமையைத் தூக்கினால் போதும், வண்டி நின்றுவிடும். இவ்வளவு கட்டுப்பாடு நிஜ ஹார்பர் லைனில் இருந்தால் நாங்களெல்லாம் நேரத்துக்கு ஆபீஸ் போவோம்.

மேலதிகாரிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன்.

"பிள்ளைங்ககிட்ட சத்தம் போடச் சொல்லிடவா மேடம்?"

"சொல்லப்படாது. நீ சொன்னா, நீ சொன்னியேன்னு கத்தும். அதுவும் பொய்தானே? கடைசித் தடவை ரெண்டு பேர் சேர்ந்து பாக்கணும்னு ரூல் இருக்கோன்னோ, நானே வரேன்."

வந்தார். காட்டன் புடவை, தலையில் கொஞ்சம் மல்லிகை, தோளில் ஜோல்னாப் பை. வந்ததும் வராததுமாக வாசலிலேயே என் துப்பட்டாவைச் சரிசெய்து, "மூஞ்சியப் பாரு, கார்த்தால ஏதாவது சாப்டியோ?" என்று கேட்டு, பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்துக் கையில் திணித்தார். மானிட்டர் இதைப் பார்த்தாள். அவ்வளவுதான், நொடியில் வகுப்பு முழுக்கச் சேதி பரவிவிட்டது. ஆன்ட்டி தன் மம்மியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

மேலதிகாரிக்குப் போன் பீப்பில் நம்பிக்கை கிடையாது. கைக்கடிகாரத்தைப் பார்த்து, பென்சிலால் தாளில் குறித்துக்கொள்வார். ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டை அசைத்தபடி அவர் எழுதுவதைப் பார்த்து, எனக்கு முன்னால் இருந்தவள் பக்கத்துப் பெண்ணிடம் கிசுகிசுத்தாள்.

"ஆன்ட்டியோட மம்மி சாமி பேரு எழுதுது. ஆன்ட்டிக்குக் கல்யாணம் ஆவறதுக்கு."

பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்போதே எனக்குச் சிரிப்பு முட்டிவிட்டது.

வண்டி புறப்பட்டது. பழையபடி சத்தத்தோடு வைத்திருந்த என் போன் அடிக்கிறபோதெல்லாம் வாயில் விரல். மற்ற நேரமெல்லாம் ரகளை. ஒரு கோஷ்டி தரையில் சாக்பீஸால் பங்கு போட்டுப் பார்க்கிறது, ஒருத்தி டீச்சரையே மறித்து, "மூணுல ஒண்ணும் ஆறுல ரெண்டும் ஒண்ணுதான டீச்சர்?" என்கிறாள். டீச்சர் சந்தோஷத்தில், "யாருட்டி அது? இன்னொருக்கச் சொல்லு!" என்று கத்துகிறார். ஜன்னலோரத்தில் 'மம்மி' நிதானமாகக் கடிகாரத்தைப் பார்க்கிறார், நிமிர்கிறார், எழுதுகிறார். அவரை யாரும் சட்டை செய்யவில்லை. எனக்கு மட்டும்தான் விஷயம் புரிந்தது. அவர் தாளில் விழுந்துகொண்டிருந்தது நிஜ வகுப்பு.

"குர்லா வந்துட்டு! மூணுல ஒரு பங்கு!"

ஒருத்தி மிஞ்சினாள். இருப்பதிலேயே பொடியாக இருந்தவள். ஓடிப்போய் வாசல் நிலையைப் பிடித்துத் தொங்கவும் என் போன் பீப் அடிக்கவும் சரியாக இருந்தது. மற்றவர்கள் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்கள். இவள் உட்கார்ந்தால் அசைந்ததாகிவிடும், தொங்கினால் வாயில் விரல் வைக்க முடியாது. ஒரு கையால் நிலையைப் பிடித்தபடி, மறு கை விரலை வாயில் வைத்து, ஒற்றைக்காலில் கொடிக் கயிற்றுத் துணி மாதிரி ஆடிக்கொண்டு, முகத்தை மட்டும் பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்பதுபோல் வைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். சிரித்துவிட்டேன். சாதாரணச் சிரிப்பில்லை, மூக்கில் தொடங்கி, விக்கலாகி, பெஞ்சு ஆடி, போன் கீழே விழுகிற சிரிப்பு.

 மானிட்டர் துள்ளி எழுந்தாள்.

"ஆன்ட்டி ஆவுட்!"

"ஆவுட்! ஆவுட்!" என்று கூரை பிய்ந்தது. ஆவுட் ஆனால் என்ன தண்டனை என்று அங்கேயே பஞ்சாயத்து. மானிட்டர் தீர்ப்புச் சொன்னாள்.

"ஏறினவங்க ஆவுட் ஆனா இறங்கணும். ஏறாதவங்க ஆவுட் ஆனா ஏறணும்!"

கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். டீச்சருக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர். "ஏறுங்க மேடம், வண்டிய எடுத்துருவான்!" என்றார். ஏறிவிட்டேன், டீச்சரும் ஏறிக்கொண்டார். மறுபடி மூன்றாகப் பிரித்தார்கள். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்ததில் கணக்கு மீதியில்லாமல் வந்தது. தொங்கிக்கொண்டிருந்த பொடிசுக்கும் வண்டிக்குள் இடம் கிடைத்தது. மணி அடிக்கும் வரைக்கும் நான் அவர்களோடு ஆடினேன்.

வெளியே வந்ததும் வேலை போயிற்று என்று நினைத்தேன். மேலதிகாரி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நடந்தார்.

"நீ எடுத்தது எல்லாம் தள்ளுபடி. ஏன் தள்ளுபடின்னும் எழுதிடறேன். சுவராம் சுவர்."

"சாரி மேடம்."

"நான் பாத்தது போறும். குழந்தைகள் வாயே ஓயலை. ஒவ்வொரு தடவையும் ஏதோ பண்ணிண்டே இருக்கு. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு கணக்கு கிளாஸ் நான் பாத்ததில்லே."

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"ஆமாம், என்னை யாருன்னு நெனச்சுண்டா அதுகள்?"

சொன்னேன். நடு ரோட்டில் நின்றுவிட்டார். "மம்மியா! ஒரு அக்கான்னாவது நெனச்சிருக்கப்படாதா?" என்றவருக்கு அப்புறம் சிரிப்பு வந்து, பஸ் ஸ்டாப் வரைக்கும் நிற்கவில்லை.

கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடுவதற்கு முன்பே அறக்கட்டளையிலிருந்து தகவல் வந்துவிட்டது. டீச்சர் அடுத்த வருஷமும் அங்கேதான். போனில் எனக்குச் சொல்லும்போதே அவர் அழுதுவிட்டார். நானும் அழுதேன், சந்தோஷமாகத்தான். மறுநாளே ஒரு பெட்டி பால் பேடா வாங்கிக்கொண்டு போனேன். ஆராய்ச்சி முடிந்துவிட்டதால் இப்போது நான் சுவர் இல்லை.

வகுப்பில் ஒரே வெற்றி ஊர்வலம். மானிட்டர் பேடாவை வாயில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"பாத்தீங்களா ஆன்ட்டி? நான் சொன்னேன்ல. நாங்க ஸ்டேச்சு நின்னதாலதான் டீச்சர் இங்கயே நின்னாங்க."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அத்தனை முகமும் என்னைப் பார்த்தன. டீச்சருக்கு நான் முந்தின நாளே போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர் பின்னாலிருந்து வேண்டாம் என்று தலையசைத்தார். மூடிக்கொண்டேன்.

"ஆமா," என்றேன். "நீங்கதான் காப்பாத்துனீங்க."

"அப்ப ஒங்க டர்ன்," என்றாள் மானிட்டர். "ஸ்டேச்சு!"

பேடாப் பெட்டியை நீட்டிய கையோடு நின்றேன். அவர்கள் 'ஓவர்' என்று சொல்லும் வரைக்கும் அசையக் கூடாது, அதுதான் விதி. அதற்குள் மணி அடித்துவிட்டது. மிச்சப் பேடாக்களை அள்ளிக்கொண்டு அத்தனையும் படியில் தடதடவென்று இறங்கி ஓடிவிட்டன. யாரும் ஓவர் சொல்லவில்லை. காலியான வகுப்பில் நான் காலிப் பெட்டியோடு நின்றேன்.

டீச்சர் மேஜை மேல் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் சொல்லவா மேடம்?" என்றார்.

உதட்டை அசைக்காமல் பதில் சொன்னேன்.

"வேண்டாம். அசைஞ்சா டிரெயின்ல ஏத்த மாட்டாங்க."