ஆரோக்கியசாமி மாமா குடிக்காத தண்ணீர்

நம் பிளாக் பொதுமக்களுக்குத் துயரத்துடன் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸின் காலிங் பெல் காலவரையற்ற ஓய்வில் செல்கிறது. ஆறு வருடங்களாக அதைத் தினமும் காலை ஆறரை மணிக்கு அழுத்திவிட்டு ஓடிய மர்ம நபர் பதவி விலகிவிட்டார். மர்ம நபர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் பெயர் தேவையில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமையும் அழுத்தினேன். ஓடினேன். வழக்கமாக நான் மூன்றாவது வேப்பமரத்தைத் தாண்டுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வரும்: "டேய் பெல்லு, இந்த மாசம் ஓ.டி. உண்டா உனக்கு?" அன்றைக்கு வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். லூர்து ஆன்ட்டி கதவைத் திறந்து நின்றார்கள். திட்டவில்லை. "அப்பாவைக் கூப்புடு கண்ணு. மாமா எழுந்திரிக்கல" என்றார்கள்.

தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கி. முப்பதாம் நாள் பூசையில் கொடுக்கும் இந்தத் தாளில் ஒரு பக்கம் எழுதச் சொன்னது ஆன்ட்டிதான். "அழுவ வெக்காத. நீ எப்படி பேசுவியோ அப்படியே எழுது" என்றார்கள். எழுதுகிறேன். பதினேழு வயதில் முதல் அஞ்சலி; பிழை இருந்தால் அப்பா பொறுப்பு.

மாமாவுக்குச் சொந்த ஊர் முத்தாண்டிக்குப்பம். வேலை, மைன்ஸில் பம்ப் செக்‌ஷன். நிலக்கரிக்குக் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கிடக்கிறது, அதை விடாமல் இறைத்தால்தான் மேலே மனுஷன் நிற்க முடியும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மாமா சொன்னால் அது வேறு ஊராகிவிடும். "நீ நிக்கிற எடத்துக்கு அடியில ஒரு கடல் படுத்துக்கினு இருக்குது பெல்லு. அலை கெடையாது. கரை கெடையாது. நாங்க அதும் தூக்கத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா உருவிக்கினு இருக்கோம்." இதைக் கேட்ட பிறகு நான் ஒரு வாரம் வீட்டுக்குள் மெதுவாகத்தான் நடந்தேன். கடல் எழுந்துவிடக்கூடாது என்று.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவருக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. சிறுநீர்ப்பையில் புற்றுநோய். ஆரோக்கியசாமிக்கு ஆரோக்கியம் லீவு லெட்டர் கொடுத்துவிட்டது என்று நான்தான் சொன்னேன். அவர்தான் முதலில் சிரித்தார். பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஆனால் திரும்ப வராமல் இருக்க ஆறு வாரம், வாரம் ஒரு தடவை, குழாய் வழியாகப் பைக்குள் மருந்து விட வேண்டும். என்ன மருந்து தெரியுமா? நாம் பிறந்தபோது தோளில் போட்டு வட்டமாகத் தழும்பு விட்டதே, அதே பி.சி.ஜி. "குழந்தைக்குப் போடறதை எனக்குப் போடறாங்கடா. அடுத்தது மொட்டை அடிச்சிக் காது குத்துவாங்க" என்றார் மாமா.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் எரிச்சல் ஆரம்பித்தது. மூன்றாவது முடிந்த பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து ஓடினார். ஓடிப் போனால் நாலு சொட்டு. அந்த நாலு சொட்டுக்கு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இரவு பகல் தூக்கம் இல்லை. கடைசியில் ஒரு நாள் ஆன்ட்டியிடம் சொன்னார்: "நாலாவதுக்கு நான் வரல லூர்து. வியாதி வந்தா வரட்டும். மிச்ச காலம் கக்கூஸ் வாசல்ல நின்னுக்கினு இருக்க என்னால ஆவாது."

ஆன்ட்டி கையிலிருந்த தட்டை வைக்க இடம் தெரியாமல் அடுப்பங்கரைக்கும் கூடத்துக்கும் நடந்தார்கள். பாதியில் விட்டால் நோய் திரும்பலாம், திரும்பினால் பையையே எடுக்க வேண்டியிருக்கும் என்று பாண்டிச்சேரி பெரிய டாக்டர் சொல்லியிருந்தார்.

எனக்குப் பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறை. அப்பா அம்மா இருவரும் ஷிப்ட். ஆன்ட்டி டவுன்ஷிப் ஆபீஸில் ஜெனரல் ஷிப்ட், ஐந்தரைக்குத்தான் வருவார்கள். ஆகவே பகல் முழுக்க மாமாவுக்குத் துணை நான். எனக்குத் துணை மாமா. ஆன்ட்டி காலையில் இரண்டு லிட்டர் பாட்டிலை நிரப்பி மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்கள். மாலையில் அது காலியாக இருக்க வேண்டும். இது டாக்டரின் உத்தரவு.

அப்போது வந்தவர்தான் மந்தாரக்குப்பம் பானு சிஸ்டர். பல வருடம் நர்ஸாக இருந்துவிட்டு அக்குபஞ்சர் படித்தவர். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால், காய்ச்சல் இல்லாவிட்டால், செய்து பார்க்கலாம் என்று பெரிய டாக்டர் ஒப்புக்கொண்ட பிறகுதான் ஸ்கூட்டியை எடுத்தார். வந்ததும் சொன்னார்: "சார், வியாதியை எடுக்கறது உங்க டாக்டர் வேலை. எரிச்சல், அலுப்பு, தூக்கமில்லாதது, இதுல என்னால ஆனதைப் பாக்கறேன். ஊசி குத்திக்கிட்டோமேன்னு அந்த மருந்தை விட்டீங்கன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

மாமாவுக்கு ஊசியைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. அந்த இடத்தில் வரலாற்றுச் சிறப்புமிக்க ஒரு காரியம் நடந்தது. நான் என் கையை நீட்டினேன். "சிஸ்டர், முதல்ல எனக்குப் போடுங்க. மாமா பாக்கட்டும்." தலைமுடி கனமுள்ள ஒரு ஊசி என் கையில் நின்றது. கொசுகூட இதைவிடக் கோபமாகக் கடிக்கும். மாமா என்னையே பார்த்தார். "பெல்லு, நீ இந்த வருஷம் மாரியம்மனுக்கு அலகே குத்திக்கலாம் போ" என்று காலை நீட்டினார்.

உள்கணுக்காலுக்கு நாலு விரல் மேலே ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று, இரண்டு கால்களிலும். கையில் ஒன்று. அப்புறம் இருபது நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். அப்பாவின் பட்டன் போனில் நேரம் பார்ப்பது நான். அந்த இருபது நிமிடங்களை எப்படிச் சொல்வது? வெளியே வெயில் வெள்ளையாக நிற்கும். கொய்யா இலைகள்மேல் கரித்தூள் மெல்லப் படிந்திருக்கும். தூரத்தில் நிலக்கரி கன்வேயர் பெல்ட் ஓடும் சத்தம், யாரோ பெரிய ஆள் அடுத்த அறையில் குறட்டை விடுவதுபோல. மின்விசிறிக் காற்றில் ஊசிகளின் நுனி நடுங்குவது நெல் நாற்று ஆடுவதுபோல் இருக்கும். மாமாவின் கண்ணிமை இறங்கும். பாதித் தூக்கத்தில் பேசுவார். "தண்ணி மேல வருது... வரட்டும் வுடு... நான் மெதக்கறேன்." அந்த அறையே தரையைவிட்டு ஒரு அடி மேலே எழும்பி நிற்பதுபோல எனக்கு இருக்கும்.

முதல் நாள் இருபது நிமிடத்தில் பதினைந்து நிமிடம் தூங்கினார். சிஸ்டர் ஊசியை எடுத்த பிறகும் தூங்கினார். பல நாளைக்குப் பிறகு வந்த தூக்கம். நான் வாசலில் உட்கார்ந்து, வந்த தபால்காரரை விரலை உதட்டில் வைத்துத் திருப்பி அனுப்பினேன்.

ஆனால் எரிச்சல் குறையவில்லை. மூன்றாவது தடவை வந்தபோது சிஸ்டர், "நாக்கை நீட்டுங்க" என்றார். பார்த்தார். புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டு, அது எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்தார்.

"தண்ணி எவ்ளோ குடிக்கறீங்க?"

"ரெண்டு லிட்டர். தோ, பாட்டிலே காலி."

"பாட்டில் குடிச்சிருக்கு சார். நீங்க குடிக்கல."

மாமா ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "உள்ள வந்தாத்தானே சிஸ்டர் வெளிய போவணும்? முப்பத்தஞ்சு வருஷமா நான் பாத்த வேலை அது. ஊத்துக்கண்ணை அடைச்சா எறைக்கிற வேலை மிச்சம்."

"அப்ப இந்தத் தண்ணியை யார் கொட்டினது?"

"நான்தான். கொய்யா மரத்துக்கு."

சிஸ்டருக்கு வந்த கோபத்தில் ஊசி டப்பா மூடி 'டப்' என்றது. "சுண்டிப்போன மூத்திரம் ஏற்கெனவே புண்ணான எடத்துல எரியாம குளிருமா? நான் ஊசி போடறேன், நீங்க உள்ள நெருப்பு போடறீங்க. நான் எதுக்கு வரணும்?" ஹெல்மெட்டை எடுத்துவிட்டார்.

மாமா விட்டத்தைப் பார்த்தபடி, வேறு யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்: "தண்ணி இல்லாம பம்ப்பை ஓட்டினா பம்ப் காந்திடும். புதுசா வர்ற பசங்களுக்கு மொத நாள் நான் சொல்லிக்குடுக்கிறதே அதான்." பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "பெல்லு, ஒரு சொம்பு கொண்டாடா."

குடித்தார். சிஸ்டர் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார்.

ஒரே நாளில் மாயம் எதுவும் நடக்கவில்லை. பத்து நிமிடம் அரை மணி ஆயிற்று. அப்புறம் ஒரு மணி. எரிச்சல் இருந்தது, ஆனால் சுவரைப் பிடிக்கவில்லை. டாக்டர் மருந்தை ஒரு வாரம் தள்ளி வைத்தார். நாலாவதுக்கு அப்பாவின் காரில் பாண்டிச்சேரி போனோம். காடாம்புலியூரில் ஒரு முந்திரித் தோப்பு, பண்ருட்டியில் ஒரு பெட்ரோல் பங்க், அவ்வளவுதான் நிறுத்தம். ஐந்தாவதும் ஆறாவதும் முடிந்தன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுப் பார்த்தார்கள். கடைசிவரை அந்த நோய் திரும்பவில்லை. எதனால் சரியாயிற்று என்று நான் ஒருமுறை கேட்டதற்கு மாமா சொன்னார்: "தண்ணியோ, ஊசியோ, இல்ல உன் அறுவை தாங்காம எரிச்சலே எழுந்து போச்சோ, யாருக்குத் தெரியும்?"

'என் கையில் ஊசி குத்திக்கொண்டு மாமாவைக் காப்பாற்றியவன் நான்' என்று இரண்டு வருடமாக இந்த பிளாக் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டீக்கடையில் சொன்னேன், டியூஷனில் சொன்னேன், மாமாவின் இறுதி ஊர்வலத்தில்கூட யாரிடமோ சொன்னேன். மாமா ஒருநாளும் மறுக்கவில்லை. "ஆமாமா, இவன் இல்லன்னா நான் இல்ல" என்பார். ஊசி எத்தனை குத்தினாலும், ஒருதரம்கூடக் குத்திக்காட்டாத மனுஷன்.

இப்போது சொல்லிவிடுகிறேன். அந்தத் தண்ணீரைக் கொட்டியது மாமா இல்லை. மாமா குடிக்காமல் வைத்ததோடு சரி. ஆன்ட்டி திட்டுவார்களே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். "காலி பாட்டில்தானே வேணும், காலி பண்ணிட்டா போச்சு" என்ற பிரமாதமான யோசனை என்னுடையது. தினமும் மாலை ஐந்து மணிக்குக் கொண்டுபோய் ஊற்றியது நான். ஆன்ட்டி வந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்துச் சந்தோஷப்படும்போது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும் நான். அந்த நாட்களில் அவர் சுவரைப் பிடித்து நின்றதில் பாதி என் கைங்கரியம். சிஸ்டர் 'யார்' என்று கேட்டபோது நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. மாமா யோசிக்கக்கூட இல்லை, 'நான்தான்' என்றார். அவரிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு சொல். அது மாமாவின் செருப்புபோல எனக்கு இன்னும் பெரிய அளவு. போட்டுக்கொண்டு நடக்க வரவில்லை.

ஆன்ட்டி, இதை நீங்கள் கோயிலில் வைத்துத்தான் படிப்பீர்கள். பூசை முடியும்வரை கடைசி பெஞ்சில் இருப்பேன். திட்டுவதாக இருந்தால், அப்பா இல்லாதபோது திட்டுங்கள்.